சுழலும் வன்வட்டும் 4 ஜி.பி. ரேமும்: மடிக்கணினியின் தாமதம் எங்கே பிறக்கிறது?

பேரேடு:

அனைவருக்கும் வணக்கம். நான் நான்கு சிறு கடைகளுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். 2017-இல் வாங்கிய ஒரு மடிக்கணினியில்தான் வேலை முழுவதும் நடக்கிறது. ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம் (நினைவகம்), நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் 1 டி.பி. வன்வட்டு, விண்டோஸ் 10. பொத்தானை அழுத்தியதிலிருந்து கணக்கு மென்பொருளைத் திறந்து முதல் பதிவை இடுவதற்குள் ஏழு நிமிடங்கள் கடந்துவிடுகின்றன. ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நாட்களில், உலாவியில் நான்கு பக்கங்களும் ஓர் எக்செல் கோப்பும் திறந்திருந்தால், நான் தட்டி முடித்த பிறகுதான் எழுத்துகள் திரைக்கு வந்து சேர்கின்றன.

பழுதுபார்க்கும் கடையில் காட்டியபோது, செயலி பழையதாகிவிட்டது, புதிய கணினி வாங்குவதே நல்லது என்றார்கள். ஆனால் டாஸ்க் மேனேஜரில் செயலியின் பயன்பாடு 15 விழுக்காட்டைத் தாண்டுவதே இல்லை. ‘டிஸ்க்’ என்ற கட்டம் மட்டும் 100 விழுக்காட்டில் சிவந்து நிற்கிறது. அதனால் அந்த அறிவுரையை ஏற்க மனம் வரவில்லை. இதற்கிடையில், ஒரு காணொளியைப் பார்த்து இரண்டு அமைப்புகளை மாற்றினேன். பேஜ் ஃபைல் எனப்படும் மெய்நிகர் நினைவகத்தை முழுவதுமாக நிறுத்தினேன்; சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் ‘மேக்சிமம் மெமரி’ என்ற கட்டத்தில் குறியிட்டு 4096 என்று கொடுத்தேன். அதன் பிறகு உலாவியின் பக்கங்கள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்பும் வருகிறது.

இப்போதைக்கு ஒன்றை வாங்க மட்டுமே என்னால் முடியும். சுழலும் பாகமே இல்லாத வட்டான எஸ்.எஸ்.டி.யா, ரேமா? எதை முதலில் மாற்ற வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்புளி:

வணக்கம் அம்மா. எதையும் வாங்குவதற்கு முன் அந்த இரண்டு அமைப்புகளையும் பழையபடி மாற்றிவிடுங்கள். இரண்டுமே உங்கள் கணினியை மேலும் மெதுவாக்குகின்றன.

‘மேக்சிமம் மெமரி’ என்பது கணினிக்கு நினைவகத்தைக் கூட்டித் தரும் அமைப்பு என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது சோதனைக்காக வைக்கப்பட்ட ஓர் உச்சவரம்பு. ‘இந்த முகவரிக்கு மேல் உள்ள நினைவகத்தைத் தொடாதே’ என்று விண்டோஸுக்கு இடும் கட்டளை அது. 4 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் 4096 என்று கொடுத்தால் இழப்பு எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் முதல் 4 ஜி.பி. முகவரி வெளியில் ஒரு பகுதி வரைகலைக்கும் மற்றச் சாதனங்களுக்கும் ஒதுக்கப்பட்டுவிடுவதால், அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய ரேம் 4 ஜி.பி. எல்லைக்கு மேலே உள்ள முகவரிகளுக்கு நகர்த்தப்பட்டிருக்கும். நீங்கள் இட்ட வரம்பு சரியாக அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பக்கத்தில் கீழே ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்ற எண்ணைப் பாருங்கள். அது வழக்கத்துக்கு மாறாக ஒரு ஜி.பி. அளவுக்குக் காட்டினால் நான் சொல்வது உறுதியாகிவிடும்.

பேஜ் ஃபைலை நிறுத்துவதும் அப்படித்தான். ரேமில் இடம் போதாதபோது பயன்படுத்த விண்டோஸ் வட்டில் வைத்துக்கொள்ளும் கோப்பு அது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு இவ்வளவு நினைவகம் வேண்டும் என்று கேட்கும்போது விண்டோஸ் ஒரு வாக்குறுதி அளிக்கிறது. அந்த வாக்குறுதிகளின் கூட்டுத்தொகை, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. பேஜ் ஃபைல் இல்லையென்றால் வரம்பு ரேமின் அளவோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி ஒரு மென்பொருள் கேட்டால் விண்டோஸ் மறுக்கிறது, அந்த மென்பொருள் விழுகிறது. உங்கள் உலாவிப் பக்கங்கள் மூடிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

குறியை எடுத்துவிட்டு, பேஜ் ஃபைலை விண்டோஸே தானாகக் கவனிக்கும்படி விட்டு, மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு வழக்கமான வேலைச் சுமையோடு ஐந்து எண்களைக் குறித்து அனுப்புங்கள்: நினைவகப் பக்கத்தில் ‘கமிட்டட்’ என்பதற்குக் கீழே உள்ள இரண்டு எண்கள் (அளித்த வாக்குறுதிகளின் கூட்டுத்தொகையும் அதன் வரம்பும்), டிஸ்க் பக்கத்தில் உள்ள சராசரிப் பதில் நேரம், அதே பக்கத்தில் உள்ள படிக்கும் வேகம், ரிசோர்ஸ் மானிட்டரில் விநாடிக்கான ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ (வேண்டியது ரேமில் இல்லாமல் வட்டிலிருந்து எடுக்க நேர்ந்த முறைகள்). கூடவே, வன்வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையையும் ஏதேனும் ஓர் இலவசக் கருவியால் எடுத்துப் பாருங்கள்.

பேரேடு:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ 1.1 ஜி.பி. என்று இருந்தது, குறியை எடுத்த பிறகு 100 எம்.பி. அளவுக்கு இறங்கிவிட்டது. உலாவியும் இப்போது மூடிக்கொள்ளவில்லை. ஆனால் மெதுவாக இருப்பது மாறவில்லை.

எண்கள் இவை. கமிட்டட்: 9.4 ஜி.பி.யில் 7.1. சராசரிப் பதில் நேரம் 900 மில்லி விநாடியை ஒட்டி ஏறி இறங்குகிறது. படிக்கும் வேகம் விநாடிக்கு 1.2 எம்.பி. மட்டுமே. ஹார்ட் ஃபால்ட்ஸ் உலாவிக்கும் எக்செலுக்கும் இடையே மாறும்போது நூற்றுக்கணக்கில் எகிறுகிறது. ஸ்மார்ட் அறிக்கையில் மஞ்சள் நிற எச்சரிக்கை இருக்கிறது: ‘ரீஅலொகேட்டட் செக்டார்’ 16, ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ 8.

விநாடிக்கு 1.2 எம்.பி. மட்டும் படிக்கும் வட்டு எப்படி 100 விழுக்காடு வேலையில் இருப்பதாகக் காட்டுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

திருப்புளி:

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவை மேற்கொண்டு படிப்பதற்கு முன், நான்கு கடைகளின் கணக்குகளையும் ஒரு வெளிவட்டிலோ பென் டிரைவிலோ நகலெடுத்துவிடுங்கள். ‘பெண்டிங் செக்டார்’ 8 என்றால், வட்டில் எட்டு இடங்களைப் படிக்க முயன்று வட்டு தோற்றிருக்கிறது, அவற்றின் கதி என்ன என்று இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். அந்த எண்ணிக்கை உயரத் தொடங்கினால் அடுத்த வாரமே வட்டு முழுவதும் போகலாம். இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓடவும் செய்யலாம். எது நடக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கணக்குத் தரவை அந்த ஐயத்தின் மேல் வைத்திருக்கக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய தரவு படிப்பு முனைக்குக் கீழே சுழன்று வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி விநாடி, காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே படிப்பு முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். மடிக்கணினி வட்டுகளில் அதற்குச் சுமார் 12 மில்லி விநாடி பிடிக்கும். இரண்டையும் கூட்டினால் ஒரு கோரிக்கைக்கு ஏறத்தாழ 17.5 மில்லி விநாடி. ஒரு விநாடிக்கு 57 கோரிக்கைகளை மட்டுமே அந்த வட்டால் நிறைவேற்ற முடியும். ஒவ்வொரு கோரிக்கையும் 20 கே.பி. அளவுடையது என்று வைத்துக்கொண்டால், 57-ஐ 20-ஆல் பெருக்குங்கள்: 1140 கே.பி. உங்கள் திரையில் தெரிந்த 1.2 எம்.பி. இதுதான். பெரிய கோப்பொன்றைத் தொடர்ச்சியாக நகலெடுக்கும்போது இதே வட்டு 100 எம்.பி. வேகத்தைத் தரும், ஏனென்றால் அப்போது முனை அங்குமிங்கும் ஓட வேண்டியதில்லை. சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைத் தேடும்போது வட்டின் நேரம் முழுவதும் நகர்வதிலும் காத்திருப்பதிலும் போய்விடுகிறது. நகர்வும் காத்திருப்பும் வேலையாகவே கணக்கிடப்படுவதால் 100 விழுக்காடு என்று காட்டுகிறது.

900 மில்லி விநாடிக்கும் இதே கணக்குதான். விநாடிக்கு 57 பேருக்குப் பதில் சொல்லக்கூடிய இடத்தில் ஐம்பது பேர் வரிசையில் நின்றால், கடைசியாக நிற்பவருக்கு முக்கால் விநாடிக்கு மேல் ஆகிவிடும். உங்கள் எழுத்துகள் அந்த வரிசையின் கடைசியில் நிற்கின்றன.

வரிசை ஏன் இவ்வளவு நீண்டது? உங்கள் மென்பொருள்கள் 7.1 ஜி.பி. கேட்டிருக்கின்றன, ரேம் 4 ஜி.பி.தான். கேட்டதெல்லாம் ஒரே நேரத்தில் பயன்படுவதில்லை என்றாலும், நீங்கள் எக்செலிலிருந்து உலாவிக்கு மாறும்போதெல்லாம் ஒன்றின் நினைவகத் துண்டுகளை ரேமிலிருந்து வெளியேற்றி மற்றொன்றின் துண்டுகளை வட்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஆகவே உங்கள் கணினியில் இருப்பது இரண்டு குறைகள்: ரேம் பற்றாக்குறை வேலையை வட்டின் மேல் தள்ளுகிறது, அந்த வேலையைத் தாங்கும் திறன் வட்டுக்கு இல்லை.

ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்பதால், எஸ்.எஸ்.டி.யை முதலில் வாங்குங்கள். அந்த மஞ்சள் எச்சரிக்கை இல்லாவிட்டாலும் இதையே சொல்லியிருப்பேன்.

மின்தறி:

திருப்புளி ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. மூல காரணம் ரேம் பற்றாக்குறை என்று அவரே சொல்லியிருக்கிறார். 8 ஜி.பி. ஆக்கிவிட்டால் பேஜ் ஃபைலுக்குப் போகும் தேவையே பெருமளவு குறைந்துவிடும். அப்படியிருக்க, ரேமைக் கூட்டாமல் எஸ்.எஸ்.டி.யை மட்டும் போட்டால், நாள் முழுவதும் அதில் எழுதி எழுதி அதன் ஆயுள் தேய்ந்துபோகாதா? நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து கொடுப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

திருப்புளி:

நியாயமான கேள்வி. இரண்டு காரணங்களால் என் கருத்தில் நிற்கிறேன்.

ஹார்ட் ஃபால்ட்ஸ் எல்லாமே பேஜ் ஃபைலிலிருந்து வருபவை அல்ல. ஒரு மென்பொருளை முதன்முறையாகத் திறக்கும்போது அதன் குறிமுறைக் கோப்புகளை வட்டிலிருந்து படிப்பதும் அதே கணக்கில்தான் சேர்கிறது. காலையில் கணினி எழுவதற்கு ஆகும் ஏழு நிமிடங்களின் பெரும்பகுதி இத்தகைய வாசிப்பே. 4 ஜி.பி.யை 16 ஜி.பி. ஆக்கினாலும் முதல் வாசிப்பு வட்டிலிருந்துதான் நடந்தாக வேண்டும். ரேம் கூடினால் அம்மாவின் பிற்பகல் சீராகும், காலை மாறாது. எஸ்.எஸ்.டி. இரண்டையும் தொடும்.

தாமதங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ரேமிலிருந்து ஒன்றை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி, எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்கச் சுமார் 100 மைக்ரோ விநாடி, அதாவது ஆயிரம் மடங்கு, வன்வட்டிலிருந்து 17.5 மில்லி விநாடி, அதாவது எஸ்.எஸ்.டி.யைப் போல 175 மடங்கு. ரேமுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி.யை வைக்க முடியாது என்பதில் ஐயமில்லை. ஆனால் பற்றாக்குறை இருக்கும் வரை, அதன் விலையை விநாடிகளில் கொடுப்பதற்கும் மில்லி விநாடிகளில் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மனிதக் கண் தெளிவாக உணரும்.

தேய்மானத்தைப் பற்றிய அச்சத்துக்குக் கணக்கே விடை. 500 ஜி.பி. அளவுள்ள நல்ல எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு, எடுத்துக்காட்டாகச் சாம்சங் 870 ஈவோவுக்கு, எழுதும் அளவு 300 டி.பி. வரை என்று உத்தரவாதத்தில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. நாள்தோறும் 20 ஜி.பி. எழுதினால் அதை எட்ட 15,000 நாட்கள் ஆகும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். கணக்கு எழுதும் ஒரு கணினி பேஜ் ஃபைலால் எஸ்.எஸ்.டி.யைக் கொன்றுவிடும் என்று கவலைப்பட வேண்டியதில்லை.

கரையோரம்:

மின்தறி அவர்களுக்கு ஆதரவாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: இரண்டாவதாக வாங்கும்போது ரேமை எப்படி வாங்குகிறோம் என்பது முக்கியம். இந்த வகைச் செயலியில் வரைகலைக்குத் தனி நினைவகம் கிடையாது. அது முதன்மை ரேமையே பகிர்ந்துகொள்கிறது. டி.டி.ஆர்.4 2133 ரேம் ஒற்றைத் தடத்தில், அதாவது செயலிக்கும் ரேமுக்கும் இடையே ஒரே பாதையில், விநாடிக்கு 17 ஜி.பி. தரும். இரண்டு செருகிடங்களிலும் ரேம் இருந்தால் இரண்டு தடங்கள் சேர்ந்து 34 ஜி.பி. ஆகிறது. காணொளி, படத் திருத்தம், விளையாட்டு ஆகியவற்றில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்; கணக்கு மென்பொருளில் பெரிதாகத் தெரியாது.

ஏற்கெனவே உள்ள 4 ஜி.பி.யோடு இன்னொரு 4 சேர்ப்பதே முறை, 8 சேர்த்தால் இரட்டைத் தடம் கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. 4-உம் 8-உம் சேர்ந்த 12 ஜி.பி.யில் முதல் 8 ஜி.பி. இரட்டைத் தடத்திலும், மீதி 4 ஜி.பி. ஒற்றைத் தடத்திலும் இயங்கும். உங்கள் தேவை 7.1 என்பதால், முடிந்தால் 8 வாங்குங்கள். வாங்கும் முன் ரேமில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அதே தலைமுறைச் செயலியோடு டி.டி.ஆர்.3எல் ரேம் வைத்த மடிக்கணினிகளும் விற்றிருக்கின்றன. அதற்கு 204 ஊசிகள், டி.டி.ஆர்.4-க்கு 260 ஊசிகள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது.

நிரல்வேலி:

என்.வி.எம்.இ. என்ற புதிய இணைப்பு வகை எஸ்.எஸ்.டி. விநாடிக்கு 3500 எம்.பி. தருகிறதே, சாட்டா என்ற பழைய இணைப்பு வகை 550 எம்.பி.தானே, ஏன் யாரும் முன்னதைப் பரிந்துரைக்கவில்லை?

திருப்புளி:

அந்த இரண்டு எண்களும் பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகங்கள். அம்மாவின் வேலை சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிப்பது. அந்த நிலையில் நல்ல சாட்டா எஸ்.எஸ்.டி. விநாடிக்கு 40 எம்.பி. அளவும், என்.வி.எம்.இ. 60 எம்.பி. அளவும் தரும். வன்வட்டிலிருந்து சாட்டாவுக்குத் தாவுவது மலையளவு, சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்குத் தாவுவது ஒரு படி. அந்தப் படியும் நல்லதே, செருகிடம் இருந்தால்.

ஆனால் செருகிடத்தைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எம்.2 என்பது சிறு பட்டை போன்ற எஸ்.எஸ்.டி.யும் அதன் செருகிடமும் கொண்ட வடிவத்தின் பெயர் மட்டுமே. 2017-இல் வந்த பல மடிக்கணினிகளில் எம்.2 செருகிடம் இருந்தும் அது சாட்டா மட்டுமே பேசும். வேறு சிலவற்றில் என்.வி.எம்.இ. மட்டுமே பேசும். சாட்டா வகை எம்.2 எஸ்.எஸ்.டி.யின் விளிம்பில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும், என்.வி.எம்.இ.யில் பெரும்பாலும் ஒரு வெட்டு. வெட்டு பொருந்தி உள்ளே போய்விட்டது என்பதாலேயே இயங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கணினி மாதிரியின் கையேட்டைப் பார்க்க முடியவில்லையென்றால், பழைய வன்வட்டின் இடத்தில் அப்படியே அமரும் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யே பாதுகாப்பானது.

வைகறை:

நான் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். இதே 4 ஜி.பி. சிக்கலுக்கு அங்கே இசட்ரேம் என்ற வழி இருக்கிறது: வெளியேற்ற வேண்டிய நினைவகத் துண்டுகளை வட்டுக்கு அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்கிறது. ஃபெடோரா 33 பதிப்பிலிருந்து, அதாவது 2020 முதல், அதுவே இயல்பு அமைப்பு. விண்டோஸ் 10-உம் நினைவகத்தைச் சுருக்குகிறது. அங்கே நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறைச் செயலிகள், மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேரும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். பிறருடைய வரிக் கணக்கைக் கையாளும் கணினி என்பதால் அந்தத் திட்டத்தில் சேர்வதைத் தள்ளிப்போடாதீர்கள். நாளை புதிய கணினி வாங்க நேர்ந்தாலும், 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யை ஓர் உறையில் போட்டு வெளிவட்டாகப் பயன்படுத்தலாம். அந்தப் பணம் வீணாகாது.

பேரேடு:

மூன்று வாரங்கள் கழித்து வருகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருள்க. கணக்குகளை முதல் நாளே நகலெடுத்துவிட்டேன். அதில் ஒரு கடையின் பழைய கோப்பு ஒன்று நான்கு முறை முயன்ற பிறகே நகலானது. அப்போதுதான் அந்த எட்டு இடங்கள் என்ற எண்ணின் பொருள் எனக்கு உறைத்தது.

500 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கினேன். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி முழுமையாக அணைத்து, கீழ்மூடியின் பத்துத் திருகாணிகளைக் கழற்றியும் மூடி வரவில்லை. பின்பக்க ரப்பர் காலை நகத்தால் நெம்பிப் பார்த்தபோது அதனடியில் பதினோராவது திருகாணி இருந்தது. முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட்டேன். பழைய வட்டை அப்படியே படியெடுக்காமல், விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். பழுதுள்ள வட்டிலிருந்து படியெடுத்தால் பழுதான கோப்புகளும் கூடவே வரும் என்று தோன்றியது.

இப்போது பொத்தானை அழுத்தியதிலிருந்து முதல் பதிவு இடுவது வரை 48 விநாடிகள். கமிட்டட் இன்னும் 7 ஜி.பி.யை ஒட்டியே இருக்கிறது, ஹார்ட் ஃபால்ட்ஸும் எழும்பத்தான் செய்கிறது. ஆனால் டிஸ்கின் சராசரிப் பதில் நேரம் 2 மில்லி விநாடியைத் தாண்டவில்லை. இந்த மாதத் தாக்கலின்போது எழுத்துகள் விரலோடு சேர்ந்தே வந்தன. பக்கம் மாறும்போது ஒரு சிறு தயக்கம் மட்டும் இருக்கிறது. அதற்கு, கரையோரம் அவர்கள் சொன்னபடி அடுத்த மாதம் 8 ஜி.பி. ரேம் சேர்க்கப் போகிறேன். மூடியைத் திறந்தபோதே பார்த்துக்கொண்டேன், இரண்டாவது செருகிடம் காலியாகத்தான் இருக்கிறது.

கணினி எழும்போது முதலில் இயங்கும் பயாஸ் அமைப்பில் சாட்டா முறை ‘ரெய்டு’ என்று இருக்கிறது. அதை ‘ஏ.எச்.சி.ஐ.’ ஆக்கினால் வேகம் கூடுமா? பழைய வன்வட்டை என்ன செய்வது?

திருப்புளி:

மனம் நிறைந்தது அம்மா. பயாஸ் அமைப்பை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரே ஒரு எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் அந்த இரண்டு முறைகளுக்கும் இடையே நீங்கள் உணரக்கூடிய வேறுபாடு இருக்காது. விண்டோஸை நிறுவிய பிறகு உரிய முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் கணினி எழாமல் நீலத் திரையில் நின்றுவிடும். ‘டீஃப்ராக்மென்ட் அண்டு ஆப்டிமைஸ்’ பகுதியில் எஸ்.எஸ்.டி.யின் வகை ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று காட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிக் காட்டினால், அழித்த இடங்களைப் பற்றி வட்டுக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையை விண்டோஸ் வாரந்தோறும் தானாகச் செய்துவிடும். எஸ்.எஸ்.டி.யை முழுவதும் நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். நிரம்பி வழியும்போது எழுதும் வேகம் குறையும்.

பழைய வட்டை உறையில் போட்டுக் காப்புப் பிரதிக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். ‘பெண்டிங் செக்டார்’ உள்ள வட்டில் வைக்கும் பிரதி, தேவைப்படும் நாளில் படிக்க வராமல் போகலாம். பழைய இரும்புக்குப் போடுவதானால், முதலில் வட்டு முழுவதையும் ஒருமுறை சுழியங்களால் மேலெழுதும் கருவியை ஓட்டுங்கள்; 1 டி.பி.க்கு மூன்று நான்கு மணி நேரம், பழுது இருப்பதால் இன்னும் கூடுதலாக ஆகலாம். விரைவு ஃபார்மேட் போதாது, அது அட்டவணையை மட்டுமே துடைக்கும். நான்கு கடைகளின் விற்பனை விவரமும் வட்டில் அப்படியே இருக்கும்.

பேரேடு:

இன்றிரவே மேலெழுத விடுகிறேன் ஐயா. ரேம் போட்ட பிறகு கமிட்டட் எண்ணையும் பதில் நேரத்தையும் இதே இழையில் பதிகிறேன்.